டிக்கெட் வாங்கிப் பார்த்த உப்பளம்

1

சமையலறை அலமாரியில் இருந்த உப்பு ஜாடி இன்று காலை தண்ணீர் விட்டிருந்தது. சின்னக் கண்ணாடி ஜாடி, மேலே காற்றாலைப் படம். ஜூலை தொடக்கத்தில் இத்தாலியில் டிராபனி என்ற ஊரில் வாங்கியது. வாங்கியவர் வதனி அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, இப்போது லண்டனில் பிளேஸ்டோ பகுதியில் சொந்த வீடு வைத்திருப்பவர். அந்த வீட்டின் மாடி அறையில்தான் மூன்று வருடமாக நான் வாடகைக்கு இருக்கிறேன்.

"இஞ்ச பார் பிள்ளை, உன்ர உப்பு அழுகுது" என்றார்.

"அது உங்க உப்பு அக்கா. நீங்கதானே வாங்குனீங்க?"

"வாங்கினது நான். வாரினது நீயல்லோ?"

கழுவாத உப்பில் மக்னீசியம் சேர்ந்திருக்கும், அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று நான் விளக்கினேன். தண்ணீரைச் சோதிக்கும் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பதால் இப்படியெல்லாம் விளக்குவது எனக்குப் பழக்கம். அக்கா கேட்டுவிட்டு, "சரி, கறிக்குப் போடலாமோ, போடேலாதோ? அதைச் சொல்லு" என்றார்.

அக்டோபர் முதல் வாரம் என் விசா முடிகிறது. இன்னும் நாற்பது நாள்கூட இல்லை. படிப்பு முடித்தவர்களுக்குக் கொடுக்கும் இரண்டு வருட விசா அது, நீட்டிக்க வழியில்லை. ஆய்வுக்கூடம் என்னை ஸ்பான்சர் செய்ய வேண்டுமென்றால் அரசு சொல்லும் சம்பளத்தை எனக்குக் கொடுக்க வேண்டும். என் மேலாளருக்கே அந்தச் சம்பளம் கிடையாது. அவர் உண்மையான வருத்தத்தோடு அதைச் சொல்லி, எனக்கு ஒரு டீயும் போட்டுக் கொடுத்தார்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல முடியாமல் போனதற்கு இந்த ஜாடியில் இருக்கும் உப்பும் ஒரு காரணம்.

2

தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்கள் இருக்கும் பக்கம் எங்கள் ஊர். அம்மா உப்பளத்தில் கூலி. அப்பாவும் அதேதான். நான் பத்தாவது படிக்கும்போது அவர் இறந்துபோனார். எங்கள் வீட்டில் பேனாவால் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். இதைப் பணிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது, சொல்லவும் விருப்பமில்லை. பள்ளியில் முதலாவது, கல்லூரியில் வேதியியலில் முதலாவது, பிறகு கடன் வாங்கி லண்டனில் முதுகலை. விமானம் ஏறிய அன்று அம்மாவிடம் ஒரே ஒரு வாக்குத்தான் கொடுத்தேன். "நான் அங்க கால் ஊனுனதும் நீ பாத்தியில இறங்கக் கூடாது."

பாத்தியில் இறங்குவது என்றால் என்ன என்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கணுக்கால் வரை உப்புநீரில் நின்று, உறைந்த உப்பைப் பலகையால் இழுத்து வரப்போரம் குவிப்பது. விடியும் முன்னே தொடங்கி உச்சி வெயிலுக்குள் முடிக்க வேண்டும். உப்புநீர் பாதத்தை முதலில் ஊறவைக்கும், பிறகு கிழிக்கும். கிழிந்த இடத்தில் அடுத்த நாள் மறுபடி உப்பு. தரை முழுக்க வெள்ளை, அதில் பட்டு எழும்பும் வெயில் கண்ணை அடிக்கும். அம்மாவுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஆள் கிட்டே வந்தால்தான் யாரென்று தெரிகிறது.

இந்த மூன்று வருடத்தில் நான் ஊன்றியது அரைக்கால். கடனுக்கும் வாடகைக்கும் போக மிச்சம் நின்றதில்லை. அம்மா இன்னும் பாத்திக்குத்தான் போகிறாள். ஒவ்வொரு முறையும் "இந்த சீசன் மட்டுந்தாட்டி" என்பாள், ஏதோ அவள்தான் எனக்கு வாக்குக் கொடுத்து மீறிவிட்டதைப் போல.

3

வதனி அக்காவின் மகள் அபிக்குப் பதினாறு வயது. ஜூனில் பள்ளிப் பரீட்சை முடித்தாள். பரிசாக எங்காவது கூட்டிப் போகிறேன் என்று அக்கா சொல்லிவிட்டார். பலர்மோவுக்கு மலிவாக டிக்கெட் இருந்தது. அங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனால் டிராபனி, அறை வாடகை பாதி.

"நீயும் வா. மூன்று வருசமா லேப், வீடு, லேப், வீடு. ஊருக்குப் போனா என்னத்தைப் பார்த்தனீ எண்டு கேக்கமாட்டினமே?"

கேட்பார்கள். அதனால்தான் சம்மதித்தேன். லண்டனிலேயே பார்க்காத இடங்கள் எவ்வளவோ இருக்க, இத்தாலிக்குப் போவதில் ஒரு வீம்பும் இருந்தது. திரும்பிப் போகும்போது ஒரு நாடாவது கூடுதலாகப் பார்த்தவளாகப் போக வேண்டும்.

அவர்கள் இருவருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். பெட்டியைக் கட்டினால் போதும். எனக்கு ஷெங்கன் விசா. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வேலைக் கடிதம், தங்குமிடச் சீட்டு, திரும்பி வரும் டிக்கெட், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெண் என் பிரிட்டன் விசாவின் கடைசித் தேதியைப் பார்த்து விரல் விட்டு எண்ணினாள். சுற்றுலா முடிந்த பிறகும் இங்கே மூன்று மாதம் விசா பாக்கி இருக்க வேண்டும் என்பது விதி.

"மூன்று மாதமும் நான்கு நாளும்" என்றாள். "அதிர்ஷ்டசாலி."

நான் நன்றி சொன்னேன். என் நாட்களை இன்னொருவர் எண்ணி வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சாப்பாட்டுச் செலவைக் குறைக்க நான் புளிச்சோறு கிண்டினேன். அக்கா பருத்தித்துறை வடை சுட்டார். தட்டையாக, மொறுமொறுப்பாக, ஒரு வாரம் கெடாது. அபிதான் வெட்கத்தில் செத்துப்போனாள். ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் சோதனைக்காரர் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தபோது, "அம்மா, ஐ டோன்ட் நோ யூ" என்று பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

4

டிராபனி கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு நாக்கு. முனையில் ஒரு கோபுரம், இரண்டு பக்கமும் கடல். பழைய மதில் மேல் நடக்கக் காசு வேண்டாம், தேவாலயங்களுக்குள் நுழையக் காசு வேண்டாம், குழாயில் நல்ல தண்ணீர். மலை மேல் ஒரு பழைய ஊர் இருந்தது. கேபிள் காரில் போக வேண்டும். மூன்று பேருக்கான கட்டணத்தைப் பார்த்துவிட்டு அக்கா கீழிருந்தே அண்ணாந்து, "வடிவாத்தான் தெரியுது, காணும்" என்று அதுவே போதுமென முடித்துவிட்டார்.

காலையில் புளிச்சோறு. மதியம் அக்கா பாண் என்று சொல்லும் ரொட்டி. அங்கே பாணைச் சூடாக்கிப் பிளந்து தக்காளி, எண்ணெய், நெத்திலிக் கருவாடு போல ஒன்றை வைத்துத் தருகிறார்கள். ஒன்றை வாங்கி மூன்றாக வெட்டினோம். கடலைமாவில் செய்த ஒரு பலகாரத்தை விற்ற கிழவனிடம் அக்கா, "இதுக்குள்ள கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டா நல்லாயிருக்கும்" என்று தமிழிலேயே புத்தி சொன்னார். அவன் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு துண்டு போட்டான். ஒரு நாள் மட்டும் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவித்த ரவையின் மேல் மீன்சாறு ஊற்றித் தந்தார்கள். அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்புமாவுக்கு மீன்குழம்பு. இதுக்கோ இவ்வளவு விலை?" என்றார். பிறகு தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

அந்த இரண்டு நாள் நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாம் நாளுக்கு அபி ஒரு இடம் கண்டுபிடித்தாள். போனைக் காட்டினாள். இளஞ்சிவப்புத் தண்ணீர், காற்றாலை, வெள்ளைக் குவியல்.

"சால்ட் பேன்ஸ். ஸோ ப்ரிட்டி."

"நான் வரல" என்றேன். "கடல் தாண்டி வந்து உப்பளம் பாக்கணுமா?"

"வா பிள்ளை. உனக்கு எல்லாம் தெரியும், எங்களுக்கு விளங்கப்படுத்தலாம். கைடு தேவையில்லை, காசு மிச்சம்" என்றார் அக்கா. காசு மிச்சம் என்பது எங்கள் மூவருக்கும் பொதுமொழி.

5

காசு மிச்சமாகவில்லை. உள்ளே போகவே டிக்கெட். வாழ்க்கையில் முதல் தடவையாக உப்பளத்துக்குள் நுழைய நான் பணம் கொடுத்தேன். கம்பி வேலிக்கு அப்பால் அதே பாத்திகள், அதே வரப்புகள். குவியல்களின் மேல் மட்டும் ஓடு அடுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் ஓலை போட்டு மூடுவோம். பழைய மில் ஒன்றை மியூசியம் ஆக்கியிருந்தார்கள். கூடை, பலகை, மண்வெட்டி எல்லாவற்றுக்கும் கீழே சின்ன எழுத்தில் பெயர். தொடக் கூடாது என்று ஒரு அட்டை. அம்மாவின் கையில் இருக்கும் பலகைக்கு அப்படி ஒரு அட்டையை நினைத்துப் பார்த்தேன்.

தொப்பி போட்ட ஒரு பெண் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டு வந்தாள். கடைசியில் ஒரு சின்னப் பாத்தியைக் காட்டி, விரும்புகிறவர்கள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு உப்பு வாரிப் பார்க்கலாம் என்றாள். ஒரு ஜெர்மன்காரர் இறங்கினார். பலகையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக் கொத்தினார். அடியிலிருந்த சேறு கலங்கி மேலே வந்தது. என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. உப்பை அப்படிக் கொத்த மாட்டார்கள். சேறு ஏறினால் அன்றைய உப்பு பாழ்.

"நான் செய்யட்டுமா?" என்றேன்.

பூட்ஸை நீட்டினாள். நான் என் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தேன்.

"உனக்கென்ன விசரே? பூட்ஸைப் போடு!" என்று அக்கா கத்தினார்.

எங்கள் பக்கம் பாத்தியில் செருப்புக் காலோடு இறங்க மாட்டார்கள். சோறு போடுகிற இடம். சீசன் தொடக்கத்தில் சூடம் காட்டிவிட்டுத்தான் முதல் உப்பு வாருவார்கள். இதெல்லாம் எனக்கு நம்பிக்கையாகவே இருந்ததில்லை. ஆனால் கால் தானாகக் கழற்றிவிட்டது.

பள்ளி விடுமுறைகளில் வாரியதுதான். மறந்திருக்கவில்லை. பலகையைச் சாய்த்து, உப்பின் அடியில் விட்டு, மேல்தோலை மட்டும் எடுப்பதைப் போல இழுத்தேன். வெள்ளையாக வந்தது. இன்னொரு இழுப்பு. இன்னொன்று. ஒரு சால் முழுக்கக் குவித்துவிட்டு நிமிர்ந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். அபி போனில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தட் வாஸ் அமேசிங். யுவர் மம் டஸ் திஸ் எவ்ரி டே?"

"ஆமா" என்றேன். யாரும் கேட்காமலே இன்னொரு முறையும் சொன்னேன். அம்மாவின் வேலையை லண்டனில் அதுவரை யாரிடமும் நான் இப்படிச் சத்தமாகச் சொன்னதில்லை.

கரையேறும்போதுதான் கால் எரிந்தது. குதிகாலில் ஒரு கிழிசல், கட்டைவிரலுக்குக் கீழே ஒன்று. அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. மூன்று வருடச் சாக்ஸில் என் கால் வேறு யாருடைய காலாகவோ மாறியிருந்தது.

இனிதான் நான் செய்த தவறு. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அதனால் நான் எப்போதும் படம் மட்டும் அனுப்புவேன், பிறகு கூப்பிட்டு என்ன படம் என்று சொல்வேன். அன்று அபி எடுத்த வீடியோவை உடனே அனுப்பினேன். உன் வேலைக்கு இங்கே கை தட்டுகிறார்கள் பார் என்று காட்டும் அவசரம். கூப்பிடுவதற்குள் அக்கா, "பஸ் வருது, இதை விட்டா ரெண்டு மணித்தியாலம் வெயிலில நிக்கோணும்" என்று இழுத்துக்கொண்டு ஓடினார். அந்த ஓட்டத்திலும் வாசல் கடையில் ஜாடி ஒன்றை வாங்க அவருக்கு நேரம் இருந்தது.

6

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அம்மாவே கூப்பிட்டாள். எங்கள் ஊரில் அப்போது பிற்பகல் மூன்று மணி. வெயில் தாழட்டும் என்று கொட்டகை நிழலில் நாலைந்து பெண்கள் கஞ்சித் தூக்கோடு உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள்.

அம்மா எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"அங்கயும் உப்புதானாட்டி?"

எனக்குப் புரியவில்லை.

"லேபு லேபுன்னு சொன்னியே. இதுக்கா படிச்ச? இதுக்கா நான் ஒன்ன அனுப்புனேன்?"

"எம்மா, இது வேலை இல்ல. சுத்திப் பாக்க வந்த இடம்."

"உப்பளத்த யாருட்டி சுத்திப் பாப்பா?"

"இங்க பாப்பாங்கம்மா. டிக்கெட் எடுத்துப் பாப்பாங்க."

அம்மாவுக்குப் பின்னால் ஒரு பெண் சிரிப்பது கேட்டது. "யக்கா, ஒம் மவ அங்கயும் நம்ம வேலதான் பாக்கா. கை தட்டுதான்லா, மொதலாளி நல்லவனா இருக்கான்" என்றாள் அவள்.

வதனி அக்கா போனைப் பிடுங்கினார். "அம்மா, நான் வதனி கதைக்கிறன். இவ என்ர வீட்டிலதான் இருக்கிறா. லேப்பிலதான் வேலை செய்யிறா. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

"இது யாருட்டி? ஒன் மேஸ்திரியா?"

"இல்லையம்மா, காசு குடுத்துத்தான் இவ உப்பு வாரினவ!"

"காசு குடுத்து உப்பு வாருனாளா?" அம்மாவின் குரல் உயர்ந்தது. "யாருகிட்ட கத விடுதிய? நாங்க காசு வாங்கிட்டே வார முடியாமக் கெடக்கோம்."

அபி உதவ நினைத்தாள். போனுக்குள் எட்டி, "ஆன்ட்டி, இட்ஸ் லைக் எ டூரிஸ்ட் திங்" என்றாள். அம்மாவுக்கு ஆங்கிலம் கேட்டாலே பயம். போனை வைத்துவிட்டாள்.

அபி என்னைப் பார்த்து, "டிட் ஐ மேக் இட் வர்ஸ்?" என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் பாதி புரியும், பேச வராது. "ஸாரி அக்கா" என்றாள். அந்தப் பயணத்தில் அவள் போனைப் பைக்குள் வைத்தது அப்போதுதான்.

அறைக்கு வந்து மறுபடி கூப்பிட்டேன். அம்மா ஒன்று மட்டும் கேட்டாள். "காலக் காட்டு."

உப்பளத்துக்காரியிடம் முகத்தை வைத்துப் பொய் சொல்லலாம், காலை வைத்துச் சொல்ல முடியாது. வீடியோவில் காட்டினேன். குதிகாலில் கிழிசல், ஓரம் சிவந்து வீங்கியிருந்தது. அம்மா போனைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் பார்த்தாள். திரையில் அவளுடைய ஒரு கண் மட்டும் தெரிந்தது, கருவிழி ஓரம் சதை படர்ந்த கண்.

"பொய் சொல்லுத" என்றாள்.

அதன் பிறகு நான் செய்ததுதான் முட்டாள்தனம். கோபம் வந்துவிட்டது. என் படிப்பை யாரும் சந்தேகப்படுவது என்னால் தாங்க முடியாதது. லண்டன் வந்ததும் வெள்ளைக் கோட்டோடு ஆய்வுக்கூடத்தில் நின்று வீடியோ எடுத்து அனுப்பினேன். என் பெயர் போட்ட அட்டையை அனுப்பினேன். மேலாளரைக் கும்பிடச் சொல்லி ஒரு படம். போதாமல், "இந்த வேலை நிரந்தரம், இங்கயேதான் இருப்பேன், எவளாவது கேட்டா போய்ச் சொல்லு" என்று கத்தினேன்.

அப்படிச் சொன்னபோது வேலை போகப் போகிறது என்று எனக்கு மூன்று மாதத்துக்கு முன்பே தெரியும்.

7

அம்மா நம்பினாள். நம்பிக் கொட்டகையில் எல்லோருக்கும் அந்த அட்டையைக் காட்டினாள். சிரித்த பெண் தன் மகளுக்கு அங்கே வேலை கேட்டு விசாரித்தாளாம். இப்போது நான் பெட்டியோடு போய் இறங்கினால் அவர்கள் நினைவுக்கு வரப்போவது ஒன்றுதான். உப்பளத்தில் வாரிக்கொண்டிருந்தாள், அங்கிருந்தும் விரட்டிவிட்டார்கள். நான் எதை விளக்கினாலும் கதை. கடன் இன்னும் பாதி நிற்கிறது. தூத்துக்குடியில் என் படிப்புக்கு வேலை தேடிப் பார்த்துவிட்டேன். உப்பு ஆலை ஒன்றில் சோதனை உதவியாளர் வேண்டுமாம், ஆண்கள் மட்டும்.

வதனி அக்கா கிரீன் ஸ்ட்ரீட்டில் பெரிய பெட்டி ஒன்று வாங்கி வந்து என் கதவுக்கு வெளியே வைத்திருக்கிறார். அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் இந்த நாட்டிலிருந்து தன்னையும் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள் என்று ஒரு நாள் சொன்னார். "எனக்கு வழக்காடப் போர் இருந்தது பிள்ளை. உனக்கு என்னத்தை எண்டு எழுதுறது?" ஏழ்மை என்று எழுத அந்தப் படிவங்களில் இடம் இல்லை.

இன்று ஜாடியைத் துடைத்து வைத்துவிட்டு, இனி ஒளிப்பதில்லை என்று முடிவு செய்து அம்மாவைக் கூப்பிட்டேன். எடுத்ததும் அவள் வழக்கம்போல், "காலக் காட்டு" என்றாள். டிராபனிக்குப் பிறகு ஒவ்வொரு அழைப்பும் இப்படித்தான் தொடங்குகிறது. காட்டினேன். கிழிசல் ஆறிவிட்டது. தழும்புகூட இல்லை.

"நல்லாருக்கு" என்றாள். "இந்தக் காலு இனிப் பாத்தியில எறங்காது."

"எம்மா, நான் ஊருக்கு வாரேன். அக்டோபர்ல."

"நெசமாவா? எத்தன நாளு லீவு?"

சொல்ல வேண்டிய வாக்கியம் வாய் வரை வந்தது. 'இனித் திரும்பிப் போக மாட்டேன்', தமிழில் நான்கே சொற்கள்.

"நெறய நாளும்மா" என்றேன்.

அம்மா யாரையோ கூப்பிட்டுச் சொன்னாள். பிறகு போனுக்குள் திரும்பினாள். இத்தனை வருடத்தில் அவள் குரலில் அப்படி ஒரு துள்ளலை நான் கேட்டதில்லை.

"அப்ப நானும் லீவு போடுதேன். நீ இருக்குற வரைக்கும் பாத்திப் பக்கமே போ மாட்டேன். கணக்கப்பிள்ளகிட்ட இன்னைக்கே சொல்லிப்புடுதேன், வேற ஆளப் பாத்துக்கிடட்டும்."

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள், அவரைத் தேடிப் போகும் அவசரத்தில் போனை வைத்துவிட்டாள்.